காயமுற்ற நாய்க்கு முதலுதவியும் கட்டுப் போடும் முறையும்

உழவு மாட்டின் குளம்பில் ஆணி ஏறிவிட்டால் வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடிவிடுகின்றனர். கறவைப் பசு ஒரு வேளை தீனி தின்னவில்லையென்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் ஆள் போகிறது. ஆனால் அதே வீட்டு வாயிலில் படுத்து, இரவெல்லாம் களத்தையும் ஆட்டுக்கிடையையும் காத்து நிற்கும் நாய் கால் கிழிந்து நொண்டி வந்தால், "அது தானே நக்கி ஆற்றிக்கொள்ளும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இச்சொல்லில் ஓரளவே உண்மை உண்டு. நாக்கு, புண்ணின் மேலுள்ள மண்ணையும் தூசியையும் அகற்றும். ஆனால் ஓயாது நக்குவதால் கூடிவரும் சதை மீண்டும் பிளக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் ஆழ்ந்த காயத்துள் நுழைகின்றன. தலையிலும் கழுத்திலும் காதடியிலும் பட்ட காயத்தை எந்த நாயாலும் நக்க முடியாது. புழு வைப்பது பெரும்பாலும் அவ்விடங்களில்தான் என்பதைக் கிராமத்தார் எல்லோரும் கண்டிருப்பர்.

விருதுநகர் மாவட்டத்துத் திருத்தங்கல், நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்ட சிறு குன்றின் அடியில் அமைந்த பழம்பதி. 2021ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சி அமைந்தபோது அதனுடன் இணைந்தது. சுற்றிலும் மானாவாரிக் கரிசல் நிலம். அந்நிலத்தினிடையே பட்டாசு ஆலைகளும், தீப்பெட்டித் தொழிற்கூடங்களும், அச்சகங்களும் பரவியுள்ளன. ஆகவே இவ்வட்டாரத்து நாய்களுக்கு மற்ற ஊர் நாய்களுக்கு நேரும் ஆபத்துகளோடு வேறு சிலவும் சேர்கின்றன. சாலையில் இரவும் பகலும் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. வயல் வரப்பெங்கும் சீமைக் கருவேல முள். கழிவுக் குவியல்களில் உடைந்த கண்ணாடியும், தகரமும், சில வேளைகளில் எரியாது எஞ்சிய கருந்திரியும் கிடக்கின்றன. இங்கே 'மருந்து' என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நோய் தீர்ப்பதன்று, வெடிக்குள் அடைப்பது! அந்த மருந்து பட்ட புண்ணுக்கு எந்த மருந்து இடுவது என்பதே நாம் ஈண்டு ஆராய வேண்டிய செய்திகளில் ஒன்று.

இவ்வட்டாரம் நாய்க்குப் பெயர் பெற்றது என்பதையும் மறத்தலாகாது. திருத்தங்கலுக்கு மேற்கே, திருவில்லிபுத்தூருக்கு அப்பால் உள்ள இராசபாளையத்தின் பெயரால் வழங்கும் வெண்ணிற வேட்டை நாயை அறியாதார் இலர். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றுள் இராசபாளையம் நாயும் ஒன்றாக இடம் பெற்றது. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்களும் இத்தென்பாண்டிக் கரிசல் மண்ணுக்கு உரியன. இவையாவும் ஓட்டத்திற்கென வளர்க்கப்பட்டவை. மெல்லிய தோல், குறுகிய மயிர், சதைப்பற்றில்லாத நீண்ட கால்கள். முள்வேலியில் ஒரு முறை உரசினாலே இவற்றின் தோல் துணி கிழிவது போலக் கிழிந்துவிடும். இராசபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. அவ்வாறான நாய், பின்னே வரும் வண்டியின் ஒலியை அறியாது அடிபடும். இத்தகைய நாயை வளர்ப்போர் கட்டுப் போடும் வித்தையை அறிந்திராமல் இருப்பது பொருந்தாது.

அன்பினால் விளைந்த கேடு

சில ஆண்டுகளுக்கு முன் இப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் நாயைக் கைகளில் ஏந்தியபடி கால்நடை மருந்தக வாயிலில் நின்றான். ஐந்து நாட்களுக்கு முன் நாயின் முன்னங்காலில் கண்ணாடிச் சில்லு கீறியிருந்தது. இரத்தம் பெருகவே அவன் பழைய துணியை வைத்து, அதன்மேல் காகிதக் கட்டுகளைக் கட்டப் பயன்படும் நைலான் கயிற்றைச் சுற்றி, தன் வலுவெல்லாம் கூட்டி இறுக்கி முடிந்தான். இரத்தம் நின்றது. மகிழ்ச்சியுற்றான். ஒவ்வொரு நாளும் நாய்க்குத் தன் பங்குப் பாலையும் ஊற்றினான். கட்டை மட்டும் அவிழ்க்கவில்லை.

"அவிழ்த்தால் மறுபடி ரத்தம் வருமோன்னு பயந்துட்டேன் ஐயா" என்றான்.

துணியை அகற்றியபோது காயம் இரண்டு விரற்கடை நீளமே இருந்தது. பத்து நாட்களில் தானே ஆறியிருக்கக்கூடிய காயம் அது. ஆனால் கயிற்றுக்குக் கீழே கால் முழுவதும் குளிர்ந்து கருத்துப் போயிருந்தது. மருத்துவர் அக்காலை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க நேர்ந்தது. நாய் பிழைத்தது, மூன்று காலில் நடக்கவும் பழகிக்கொண்டது. அச்சிறுவன் செய்ததில் அன்புக்குக் குறைவில்லை, அக்கறைக்கும் குறைவில்லை. கட்டு என்பது எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும், எப்போது அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்ற இரண்டே செய்திகளை அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. இக்கட்டுரையை நாம் எழுத முற்பட்டதன் காரணம் அதுவே.

முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்

வலியால் துடிக்கும் நாய், தன்னை வளர்த்தவர் கையையும் கடிக்கும். அது நன்றிகெட்ட செயலன்று, வலியின் செயல். ஆதலின் அடிபட்ட நாயின் முகத்தருகே குனிதல் கூடாது. பக்கவாட்டில், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே மெல்ல அணுக வேண்டும். கூட்டம் கூடுவதையும், சிறுவர் கூச்சலிடுவதையும் தடுக்க வேண்டும்.

பிறகு வாய்க்கட்டு. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய துணிப்பட்டை போதும். பழைய வேட்டியின் கரையும் உதவும். நடுவில் ஒரு தளர்ந்த சுருக்கு அமைத்து, சற்றுத் தள்ளி நின்றே அதை நாயின் மூக்கும் கண்ணும் சேரும் இடத்திற்கு நடுவே மாட்டி, மேற்புறம் ஒரு முறை இழுக்கவும். இரு முனைகளையும் தாடைக்குக் கீழே கொணர்ந்து ஒரு முடி. அங்கிருந்து காதுகளுக்குப் பின்னே கொண்டுபோய்ப் பிடரியில் எளிதில் உருவக்கூடிய சுருக்குமுடி. மூக்குத் துளைகளைத் துணி மூடலாகாது. மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும், உணர்விழந்த நாய்க்கும், தாடையில் அடிபட்ட நாய்க்கும், வெயிலின் கொடுமையால் இளைத்து விழுந்த நாய்க்கும் வாய்க்கட்டுப் போடவே கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் நாய் தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கட்டு எதுவாயினும் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தல் தகாது.

தெரியாத நாயாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். வெறிநாய்க்கடி நோயுற்ற நாய் எப்போதும் பாய்ந்து கடிக்குமென எண்ண வேண்டாம். சில நாய்கள் சோர்ந்து மூலையில் ஒடுங்கும், குரல் மாறும், கால் தள்ளாடும், கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகும். இதைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று இரக்கத்தோடு வாய்க்குள் கையை விடுவோர் உளர். இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை. காரணமின்றித் தாடை தொங்கும் நாயைத் தொடாமல், மற்றவரையும் விலக்கி, கால்நடைத் துறையாருக்குச் செய்தி சொல்வதே முறை.

உதவி செய்கையில் கடியோ நகக் கீறலோ பட்டுவிட்டால், அல்லது முன்பே உள்ள புண்ணில் நாயின் எச்சில் பட்டுவிட்டால், நாயை மறந்து உடனே அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் அப்ப வேண்டாம். கட்டும் போட வேண்டாம். அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கே கட்டணமின்றிப் போடப்படுகிறது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், பின்னர் 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி உண்டு. ஆழ்ந்த கடியாயின் காயத்தைச் சுற்றிலும் வேறோர் எதிர்ப்பு மருந்தும் செலுத்துவர்.

1885ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு இம்மருந்தை முதன்முதல் அளித்தார். நம் பக்கத்தில் 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிற்று. அக்காலத்திலிருந்து நெடுநாள் வழங்கிய, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசியாகப் போட்ட நினைவு முதியோர் பலருக்கு உண்டு. 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் அது கைவிடப்பட்டது. இன்றுள்ள ஊசி தோளில் போடப்படுவது, வலி குறைந்தது. வயிற்று ஊசிக்கு அஞ்சி இன்றும் கடியை மறைப்போர் உளராதலின் இதை எழுதினோம். நோய் வெளிப்பட்டுவிட்டால் அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

இரத்தப் பெருக்கு

20 கிலோ எடையுள்ள நாயின் உடலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் இரத்தமே உண்டு. ஒரு செம்பளவு தரையில் சிந்திவிட்டால் அந்நாய்க்கு அது பேரிழப்பு. ஆகவே கழுவுவதும் மருந்திடுவதும் பின்னர். இரத்தத்தை நிறுத்துவது முன்னர்.

தூய துணியை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். குறைந்தது ஐந்து நிமிடம் துணியைத் தூக்கிப் பார்க்காமல் அழுத்த வேண்டும். "நின்றதா?" என்று அடிக்கடி தூக்கிப் பார்ப்பதனாலேயே உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பெருகுகிறது. துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காது அதன்மேல் வேறொரு துணியை வைத்து அழுத்துக. கயிறு, கம்பி, ரப்பர் வளையம் ஆகியவற்றால் காலை இறுக்கிக் கட்டும் முறை பயிற்சியில்லாதார் கையாளத் தக்கதன்று. அதன் விளைவை மேலே கண்டோம்.

ஈற்றை விலக்கிப் பாருங்கள். நலமுள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். (சில நாய்களின் ஈறு இயல்பாகவே கருத்திருக்கும், அவற்றுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.) ஈறு வெளுத்து, கால் நுனி குளிர்ந்து, மூச்சும் நாடியும் விரைந்தால் அந்நாய் அதிர்ச்சி நிலையில் உள்ளது. வெளிக்காயம் சிறிதாயினும் உள்ளே இரத்தம் கசியலாம். வண்டியில் அடிபட்ட நாய்களுக்கு இது மிகுதி. சாக்கினால் போர்த்தி, அசையாமல் கிடத்தி, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உணர்வு மங்கிய நாயின் வாயில் நீரோ சோடாவோ ஊற்றுதல் கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கும்.

தீப்புண்

பட்டாசு வட்டாரத்தில் இப்பகுதி இன்றியமையாதது. தீப்பட்ட இடத்தை உடனே குளிர்ந்த, ஆனால் பனிக்கட்டி இடாத நீரால் நனைக்க வேண்டும். குடத்து நீரைச் சொம்பால் சிறிது சிறிதாக 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருப்பது நலம். இது நீண்ட நேரமாகத் தோன்றும். பலர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகின்றனர். தோலின் மேற்புறம் ஆறிய பின்னும் அடிச்சதையில் வெப்பம் தங்கிச் சுட்டுக்கொண்டேயிருக்கும். அவ்வெப்பம் தணியவே இவ்வளவு நேரம். அதே வேளையில் உடம்பின் மற்றப் பகுதியைத் துணியால் மூடி வைக்க வேண்டும். சிறு குட்டிகள் எளிதில் விறைத்துவிடும்.

தீயில்லாமல் மருந்துப் பொடி மட்டும் மயிரில் ஒட்டியிருந்தால் முறை வேறு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியவை கலந்த பொடியின் மேல் சிறிதளவு நீர் தெளித்தால் அது குழம்பாகித் தோலில் ஊறும்; சில கலவைகள் சூடேறவும் கூடும். எனவே முதலில் உலர்ந்த துணியால் மெல்லத் தட்டி, மயிரின் போக்கிலேயே பொடியை அகற்றுக. அருகில் பீடியோ விளக்கோ இருத்தலாகாது. பின்னர் ஏராளமான நீரால் நெடுநேரம் கழுவுக. செய்பவர் தம் கைகளில் உறையோ பாலிதீன் பையோ அணிந்துகொள்ள வேண்டும். கழுவி முடிக்கும்வரை நாய் தன்னை நக்கவிடக் கூடாது. இப்பொடிகளில் சில வயிற்றினுள் சென்றால் நஞ்சாகும். கண்ணில் பொடி விழுந்திருந்தால், இமையை விரித்துப் பிடித்துத் தூய நீரை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக 15 நிமிடம் ஓடவிட வேண்டும்.

மசி, பற்பசை, சுண்ணாம்பு, வெண்ணெய், சாம்பல், சாணம் ஆகிய எதுவும் தீப்புண்ணுக்கு ஆகாது. பாட்டிமார் வருந்தக்கூடும், ஆனால் இவற்றை அகற்றும்போது புண்ணின் மேல்தோலும் உரிந்து வருவதைப் பன்முறை பார்த்திருக்கிறோம். பஞ்சையும் நேரே வைத்தல் கூடாது, இழைகள் ஒட்டிக்கொள்ளும். உப்புநீரில் நனைத்த தூய பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி மருத்துவரிடம் காட்டுக. நாயின் தீப்புண்ணை மயிர் மறைத்துவிடும். முதல் நாள் "மயிர்தான் கருகியது" என்று தோன்றியது, மூன்றாம் நாள் தோலோடு கழன்று விழும். ஆதலின் மயிர் கருகிய நாயை அன்றே காட்டிவிடுதல் அறிவுடைமை.

தீபாவளியை ஒட்டிய நாட்களில் வெடியொலிக்கு மிரண்டு ஓடும் நாய்களே வண்டியில் அடிபடுகின்றன; கிணற்றிலும் விழுகின்றன. அந்த இரவுகளில் மட்டுமாவது நாயை உட்புற அறையில் விட்டுக் கதவைச் சாத்தி வைக்கலாம். வெளியே சங்கிலியில் பிணித்தால் மிரட்சியில் கழுத்தை அறுத்துக்கொள்ளும்.

கட்டுப் போடுதல்

இரத்தம் நின்றபின் காயத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய இரண்டு சிறு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கரைத்தால் உடலுக்கு ஒத்த உப்புநீர் கிடைக்கும். இதைத் தாராளமாக ஊற்றிக் கழுவுக. சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்தல் நல்லது. அப்போது காயத்தின் மேல் ஈரத்துணியை மூடி வைத்தால் மயிர்த்துணுக்கு உள்ளே விழாது. போவிடோன் அயோடின் மருந்தை வெறும் தேநீரின் நிறம் வரும்வரை நீரில் கலந்து இடலாம். பினாயில், மண்ணெண்ணெய், கரி எண்ணெய் ஆகியவை வேண்டவே வேண்டாம். ஆழப் பதிந்த முள்ளையோ கம்பியையோ பிடுங்க வேண்டாம். அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். பாதத்தின் மேற்புறமாகத் தெரியும் கருவேல முள்ளை மட்டும் இடுக்கியால் நேரே இழுத்து, நுனி ஒடிந்து உள்ளே தங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுக.

கட்டு மூன்று அடுக்கு உடையது. புண்ணை ஒட்டி இருப்பது காஸ் துணி. அதன்மேல் மெத்தென்ற பஞ்சு. அதற்கும் மேல் சுற்றுத்துணி. நடு அடுக்கை விட்டுவிட்டுத் துணியைச் சுற்றுவதுதான் பெரும்பான்மையோர் செய்யும் பிழை. அழுத்தத்தை எங்கும் சமமாகப் பரப்புவது அப்பஞ்சே. காலுக்கு இரண்டு அங்குல அகலமும், உடம்புக்கு நான்கு அங்குல அகலமும் உள்ள சுருள்கள் ஏற்றவை. கடைச் சுருள் கிடைக்காவிடில் பழைய வேட்டியைக் கிழித்து, கொதிநீரில் இட்டு, நல்ல வெயிலில் உலர்த்திச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம்.

பாதத்தில் காயமாயின், விரல்களுக்கிடையிலும் உட்புறம் தனித்து நிற்கும் நகத்தின் அடியிலும் சிறு பஞ்சுத் துணுக்குகளை முதலில் வைக்க வேண்டும். இன்றேல் வியர்த்துப் புண்ணாகும். பிறகு சுற்றுத்துணியை விரல் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுக. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கிச் சுற்றினால் இரத்தம் பாதத்தில் தேங்கி வீங்கும். காயம் பாதத்தில் மட்டும் இருந்தாலும், கட்டு அதற்கு மேலுள்ள மூட்டையும் கடந்திருக்க வேண்டும்; இல்லையெனில் நாய் நான்கடி நடப்பதற்குள் உருவி விழும். நடு விரல்கள் இரண்டின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும். அவையே நமக்குச் சாட்சி.

எவ்வளவு இறுக்கம்? கட்டின் மேல் விளிம்பில் இரண்டு விரல்கள் தடையின்றி நுழைய வேண்டும். இழுவைத் துணியாயின் அதன் இழுவை முழுவதையும் செலுத்தாமல் பாதியளவே இழுத்துச் சுற்றுக. முடித்தபின் பிளாஸ்திரியால் ஒட்டுக, கயிறு வேண்டாம், ரப்பர் வளையம் எக்காரணத்தாலும் வேண்டாம்.

கட்டுப் போட்டவுடன் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒரு முறையும், பின்னர்க் காலையும் மாலையும் வெளியே தெரியும் அவ்விரு விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவை விரிந்து அகன்றிருந்தாலோ, மறு பாதத்தினும் குளிர்ந்திருந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, அதுவரை அமைதியாயிருந்த நாய் திடீரென்று கட்டைக் கடித்துப் பிய்க்கத் தொடங்கினாலோ, அக்கணமே கட்டை அவிழ்த்துவிடுக. இரத்தம் வருமே என்ற அச்சம் வேண்டாம். வந்தால் மீண்டும் அழுத்தி நிறுத்தலாம். இறந்த சதைக்கு உயிர் கொடுக்க எவராலும் இயலாது. அழுக்குக் காயத்தின் கட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். நனைந்த கட்டை உடனே மாற்ற வேண்டும். வெளியே நடத்திச் செல்கையில் பாலிதீன் உறை மாட்டலாம். வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும்.

காதுமடல் கிழிந்தால் இரத்தம் நிற்பது அரிது. நாய் தலையை உதறும்போதெல்லாம் மீண்டும் தெறிக்கும். தலையுச்சியில் பஞ்சு வைத்து, காதை அதன்மேல் மடக்கி, மேலும் பஞ்சு வைத்து, தொண்டையைச் சுற்றித் தளர்வாகக் கட்டுக. மறு காது வெளியே நிற்கட்டும். பழைய பனியனின் கையை வெட்டித் தலையில் மாட்டிவிடுவது இதனினும் எளிது. மார்பு, வயிற்றுக் காயத்திற்கு ஒரு பழந்துண்டின் இரு புறங்களையும் நான்கைந்து வால்களாகக் கிழித்து, துண்டின் நடுப்பகுதியைக் காயத்தில் பொருத்தி, வால்களை முதுகின்மேல் ஒவ்வொன்றாக முடியலாம். குடல் வெளியே சரிந்திருந்தால் உள்ளே தள்ள முயல வேண்டாம். உப்புநீரில் நனைத்த துணியால் தாங்கிக் கட்டி விரைந்து கொண்டு செல்க. மார்பில் துளை விழுந்து காற்று சீறினால் தூய பாலிதீன் துண்டால் அத்துளையை மூடி, அதன்மேல் கட்டுக.

கட்டைக் கடிக்காதிருக்கக் கழுத்தில் அகன்ற வளையம் மாட்டுவர். சிவகாசிப் பக்கத்தில் நாட்காட்டி அட்டைக்குப் பஞ்சமில்லை. அதை விசிறி வடிவில் வெட்டி, மூக்கு நுனிக்குச் சற்று மேலும் நீளுமாறு கூம்பாக மடக்கி, கழுத்து விளிம்பில் துணி தைத்து மாட்டினால் கடை வளையத்திற்கு அது குறைந்ததன்று.

எலும்பு முறிவும் புழுப்புண்ணும்

முழங்கைக்கும் பின்முழங்காலுக்கும் கீழே எலும்பு முறிந்திருந்தால் மட்டுமே மட்டை வைத்துக் கட்டலாம். முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் மட்டைக்குள் அடங்க வேண்டும். பனைமட்டையைச் சீவியோ, நாளிதழைக் கெட்டியாகச் சுருட்டியோ பயன்படுத்தலாம். பஞ்சு மிகுதியாக வேண்டும். கோணலை நிமிர்த்த முயல வேண்டாம், கிடந்தபடியே கட்டுக. தொடை எலும்போ தோள் எலும்போ முறிந்திருந்தால் மட்டை கட்டுதல் தீமையே தரும். கால் தொங்குமாறு கட்டின் பாரமும் சேர்ந்து முறிவை அகற்றும். நாயைப் பலகையிலோ, இருவர் பிடித்த சாக்கிலோ கிடத்தி எடுத்துச் செல்வதே போதும். பின்னங்கால்கள் இரண்டும் அசையாதிருந்தால் முதுகெலும்பு முறிந்திருக்கலாம். அத்தகைய நாயைத் தூக்காமல் பலகையின் மேல் மெல்ல இழுத்துப் பட்டைகளால் பிணித்துக் கொண்டு செல்ல வேண்டும்.

மூடாத புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள் புழு பொரித்துவிடும். புழு வைத்த புண்ணில் பினாயில் ஊற்றும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மாட்டின் குளம்பைத் தாங்கும் மருந்தை நாய் தாங்காது, அது நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும். உப்புநீரால் கழுவி, தெரியும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, ஈ மொய்க்காமல் துணியால் மூடி மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மேலே தெரிவது நான்கு என்றால் உள்ளே நாற்பது இருக்கும். வீட்டிலுள்ள தலைவலி, காய்ச்சல் மாத்திரைகளை வலிக்காக நாய்க்குக் கொடுப்பதும் பெருந்தவறு. மனிதனுக்கு நலஞ்செய்யும் பாரசிட்டமாலும் இபுபுரோபனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லவை.

மருத்துவரிடம் செல்கையில்

கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தாலும், நாயைத் தூக்கிச் செல்ல இயலாதிருந்தாலும் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம். மூன்று மாத வயதில் தொடங்கி நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவர வேண்டும். அதன் சீட்டு இருப்பின் கையோடு எடுத்துச் செல்க. அறுவை நேரிட்டால் மயக்க மருந்து தேவைப்படும். ஆதலின் வழியில் தீனி கொடுக்க வேண்டாம். எவ்வாறு அடிபட்டது, எந்நேரம் அடிபட்டது, அதன்பின் சிறுநீர் கழித்ததா, என்ன மருந்து இட்டீர்கள் என்பனவற்றை மறைக்காது சொல்லுக. கட்டுப் போட்டிருந்தால், போட்ட நேரத்தைக் கட்டின் மேலுள்ள பிளாஸ்திரியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.